ஷார்ஜாவிலிருந்து வந்த ஆறு எண்கள்

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கடவுச்சொல் ஒருநாளும் ரகசியமாக இருந்ததில்லை. வரவேற்பு மேசைக்கு உரியது கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்து வரும் அண்ணாச்சி தன்னுடையதை ஐஸ் பெட்டியின் மூடியில் அழியாத மையால் எழுதி வைத்திருந்தார். மேலப்பாளையம், ஏரல், கல்லிடைக்குறிச்சி ஆகிய ஊர்களில் எங்களுக்குச் சிறு கிளைகள் உண்டு. அங்கே யாருக்காவது கணினி திறக்கவில்லை என்றால் எனக்குப் போன் செய்து என் கடவுச்சொல்லைக் கேட்பார்கள். நானும் சொல்வேன். அடுத்த வீட்டில் உறைமோர் கேட்பது போலத்தான் அது நடந்துகொண்டிருந்தது.

எங்கள் அறிக்கைகள் எல்லாம் ஒரு மென்பொருளில் இருக்கின்றன. அது எங்கள் கட்டடத்தில் இல்லை. எங்கோ தொலைவில், யாரோ பராமரிக்கும் கணினிகளில் இருக்கிறது. ஏரலில் ஒருவருக்குக் காலையில் இரத்தம் எடுத்தால் அந்த விவரம் அங்கே பதிவாகும். இங்கே இயந்திரம் சொல்லும் அளவும் அதே இடத்தில் போய்ச் சேரும். உயிர்வேதியியல் படித்த ஒருவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே அந்த ஏரல்காரரின் கைப்பேசிக்கு அறிக்கை போகும். இதற்கு ஒரு வாசல், மின்னஞ்சலுக்கு ஒரு வாசல், வருகைப் பதிவுக்கு ஒன்று, மருந்துக் கையிருப்புக்கு ஒன்று என்று ஆளுக்கு நாலைந்து கடவுச்சொற்கள் இருந்தன. இத்தனையையும் நினைவில் வைக்க முடியாததால்தான் எல்லாருடையதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சென்ற ஆண்டு வைகாசியில் ஒரு நாள், எங்களிடம் வேலை பார்த்துவிட்டுத் தூத்துக்குடிக்கு மாறிப் போன ஒருவர் போன் செய்தார். ஏதோ நினைவில் பழைய கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தாராம். "நான் போயி இத்தன மாசமாச்சு, இன்னும் உள்ள விடுதே மேடம்" என்றார். நல்ல மனிதர், அதனால் சொன்னார். கூடத்தின் உரிமையாளரான டாக்டரிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. மென்பொருள் நிறுவனத்தாரோடு பேசினார். எல்லாவற்றுக்கும் ஒரே நுழைவு என்னும் சிங்கிள் சைன்-ஆன் முறையை அவர்கள் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை அமைக்கும் பொறுப்பை டாக்டர் என்னிடம் கொடுத்தார். நான் அலுவலக மேலாளர்தான், கணினி படித்தவள் இல்லை. ஆனால் ஆற்றில் தண்ணீர் திறந்த நாள், சாரல் தொடங்கிய நாள், டவுன் பஸ் தடம் மாறிய நாள் எல்லாவற்றையும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. "சாரல் விழுந்த தேதியவே விடாம எழுதுதிய, இத விட்டுருவியளா?" என்பது அவர் சொன்ன காரணம்.

மென்பொருள் நிறுவனம் ஒரு கையேடு அனுப்பியது. முதல் இரண்டு முறை படித்தபோது ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் முறை, எங்கள் ஊர்க் கடைத்தெருவை நினைத்துக்கொண்டு படித்தேன், விளங்கிவிட்டது. புதிதாக ஒரு கடைக்குப் போனால் இங்கே யாரும் "நீ யார்?" என்று கேட்பதில்லை, "நீங்க யாரு வீடு?" என்றுதான் கேட்பார்கள். தெரிந்த ஒரு வீட்டைச் சொல்லிவிட்டால் போதும், நாற்காலி வரும், காபி வரும். சிங்கிள் சைன்-ஆன் அதே வேலையைச் செய்கிறது. பரிசோதனை மென்பொருள் இனி நம்மிடம் கடவுச்சொல் கேட்காது. எங்கள் மின்னஞ்சல் கணக்கிடம் நம்மை அனுப்பி, "இந்த ஆளை உனக்குத் தெரியுமா?" என்று கேட்கும். அது பார்த்துவிட்டு, தெரியும் என்று ஒரு முத்திரைச் சீட்டு கொடுத்துத் திருப்பி அனுப்பும். பழைய கல்வெட்டுகளின் முடிவில் சாட்சி சொன்னவர்கள் "இப்படி அறிவேன்" என்று எழுதி வைத்திருப்பார்கள். கையேட்டில் அந்தச் சீட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்ததன் சாரம் இந்த இரண்டு சொற்கள்தாம்.

வேலை என்று பார்த்தால், இரண்டு சாளரங்களை அருகருகே திறந்து வைத்துக்கொண்டு இங்கிருக்கும் முகவரியை அங்கே ஒட்டுவதும் அங்கிருக்கும் சான்றிதழை இங்கே ஏற்றுவதும்தான். ஒரு சனிக்கிழமை பிற்பகல் இதைச் செய்துவிட்டு என் கணக்கிலேயே சோதித்துப் பார்த்தேன். உள்ளே விடவில்லை. மின்னஞ்சல் கணக்கு எங்களை மின்னஞ்சல் முகவரியால் அறியும். மென்பொருளோ பணியாளர் எண்ணால் அறியும். சாட்சி சரியாகத்தான் சொன்னது, கேட்டவருக்குத்தான் யாரைச் சொல்கிறது என்று புரியவில்லை. மறுநாள் உட்கார்ந்து எல்லாருடைய எண்ணையும் மின்னஞ்சல் கணக்கில் சேர்த்தேன். திங்களன்று காலை திறந்துகொண்டது. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கைப்பேசியில் "உள்ளே நுழைவது நீங்கள்தானா?" என்று கேட்டது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார்.

"நான்தான்னு சொன்னா நம்பிருமா மேடம்?"

"நம்பிரும்."

"எங்க வீட்டுல நம்ப மாட்டாங்க" என்றார். ஆனாலும் அன்றைக்கே ஒரு துணியில் ஸ்பிரிட் நனைத்து ஐஸ் பெட்டியின் மூடியைத் துடைத்துவிட்டார்.

அடுத்து, ஒவ்வொருவருடைய கைப்பேசியையும் அவரவர் கணக்கோடு இணைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் என் தோழியின் முறை வந்தது.

என் மேசைக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறாள் அவள். மேலப்பாளையத்துக்காரி. நான் முன்பு சொன்ன, அறிக்கைகளைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்கும் உயிர்வேதியியலாளர் அவள்தான். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள், என்னை அக்கா என்பாள். மதியம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவளுடைய மாப்பிள்ளை ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள்.

மற்றவர்களுக்குப் பழைய முறையில் கடவுச்சொல் மட்டும் போதும். ஒப்புதல் கொடுக்கும் உரிமை உள்ள இரண்டு பேருக்கு, அதாவது டாக்டருக்கும் அவளுக்கும், தினமும் காலையில் கைப்பேசிக்கு ஆறு எண்கள் கொண்ட குறியீடு ஒன்று வரும். அதையும் போட்டால்தான் வாசல் திறக்கும். அவளுக்கு வரும் குறியீடு ஷார்ஜாவுக்குப் போய்விட்டு வரும். அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்து, பிறகு பழகிப்போன விஷயம்.

அது அவள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் குடும்பத்துக்கென்று ஒரு எண் இருக்கும். வங்கிக்கு, எரிவாயுவுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ரேஷன் அட்டைக்கு எல்லாம் அந்த ஒரே எண்ணைத்தான் எழுதுவார்கள். வங்கிக் குறியீடு வரவேண்டும் என்பதற்காக அந்த சிம்மை வெளிநாடு போகிறவர் கூடவே கொண்டு போய்விடுவார். அங்கே வேறு எண்ணில் பேசுவார், இது செய்தி வாங்குவதற்கு மட்டும். மென்பொருள் வந்த புதிதில் கைப்பேசி எண் கேட்டபோது அவளும் கை பழகியபடி அதையே எழுதிவிட்டாள். அன்றிலிருந்து அவள் இங்கே கணினி முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால், அங்கே கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் மனிதரின் கையில் குறியீடு விழும். உடனே கூப்பிடுவார். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். இடையிடையே வேறு பேச்சும் வரும். "நாலு, ஏழு... பிள்ள சாப்புட்டாளா?... ரெண்டு" என்று அவள் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டெழுதுவதை நான் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறேன். சில நாள் எண்ணைச் சொல்லாமல் விளையாட்டுக் காட்டுவார். அவள் "இங்க ஆளு சாப்புடாம நிக்கி, சீக்கிரம் சொல்லுங்க" என்று கடிந்துகொள்வாள். சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் வெறும் வயிற்றில் அல்லவா வருவார்கள்.

அதனால் அவளுடைய முறை வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. "ஒன் சொந்த நம்பர சொல்லு, இன்னையோட அந்தத் தொல்ல விட்டுச்சு" என்றேன். அவள் கைப்பேசியை நீட்டவில்லை. "பொறவு பாப்போம் அக்கா" என்று சொல்லிவிட்டு மையவிலக்கி இயந்திரத்தின் பக்கம் போய்விட்டாள். மறுநாளும் அதையே சொன்னாள்.

அதன் பிறகு மதியம் சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் ஒரேயடியாக ஊர் வந்துவிடுவதாக இருந்தது. இரண்டு வருஷமாக இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டு மாடியில் ஓர் அறையைப் பட்டறைக்கென்று ஒழித்தும் வைத்தாயிற்று. பெருநாளுக்குச் சில நாள் முன்பு, கம்பெனியில் மேற்பார்வையாளர் ஆக்கியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று அவர் சொன்னார். போடலாமா என்று கேட்கவில்லை, போட்டுவிட்டேன் என்றார். அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் மூன்று முறை கூப்பிட்டார், அவள் எடுக்கவில்லை. பிறகு அவளுக்கே பேசவேண்டும் போல இருந்த ஒரு நாள் அவள் கூப்பிட்டாள், அவர் எடுக்கவில்லை. மகள் தகப்பனோடு பேசுகிறாள். இவர்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஆனா அந்த ஆறு நம்பரு கோடு மட்டும் வரும்" என்றாள்.

அவள் காலையில் பொத்தானை அழுத்துவாள். சற்று நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஆறு எண்கள் வந்து விழும். முன்னால் ஒரு சொல் இருக்காது, பின்னாலும் இருக்காது. ஆனால் வராத நாள் கிடையாது. அவர் பஸ்ஸில் இருந்தாலும் தொழுகையிலிருந்து எழுந்து வந்தாலும், காலாவதியாகும் முன்பு வந்துவிடும். ஒருநாள் தேவையில்லாமல் இரண்டாம் முறையும் அழுத்திப் பார்த்தாளாம். அதுவும் வந்தது.

"அந்த மனுசன் அங்கன உசுரோட இருக்காரு, என்னையும் நெனச்சுக்கிட்டுத்தான் இருக்காருன்னு அதுலதான் அக்கா தெரியுது. அதையும் நீங்க எடுத்துட்டா..." என்றாள். டப்பாவிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து, நான் சைவம் என்பது நினைவு வந்து, தன் தட்டிலேயே வைத்துக்கொண்டாள். அத்தனை வருஷத்தில் அவள் அப்படி மறந்து நான் பார்த்ததில்லை.

நான் செய்யக்கூடியதைச் செய்தேன். கிளைகளை முதலில் மாற்றினேன், பிறகு வரவேற்பு, பிறகு கிடங்கு, டாக்டரைக்கூட அவளுக்கு முன்னால் மாற்றினேன். டாக்டர் அவசரப்பட்டார். ஆனித் தேரோட்டத்துக்கு மாவட்டமே விடுமுறை, அதற்குப் பிறகு வரும் திங்களோடு பழைய வாசலை அடைத்துவிட வேண்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குறியீட்டுக்குக் காத்திருப்பதால் காலை அறிக்கைகள் சில நாள் தாமதமாகின்றன என்று ஏரல் கிளையிலிருந்து இரண்டு தடவை சொல்லியிருந்தார்கள்.

கையேட்டில் ஓர் இடம் இருந்தது. எல்லாரையும் புதிய வாசலுக்கு மாற்றினாலும் ஒரே ஒரு கணக்கைப் பழைய முறையிலேயே விட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால், மின்னஞ்சல் பக்கம் ஏதாவது பழுதானால் உள்ளே போக வேறு வழி இருக்காது. அந்த ஒரு கணக்கு யாருடையது என்பதைத் தீர்மானிக்கிறவள் நான். தேரோட்டத்துக்கு மறுநாள், தெருவெல்லாம் இன்னும் கரும்புச் சக்கையும் பலூன் துணுக்குமாகக் கிடந்தபோது, டவுனில் கூடத்து வேலை ஒன்றை முடித்துவிட்டு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அவளிடம் கேட்டேன்.

"ஒன் கணக்க மட்டும் பழையபடி விட்டுரட்டுமா? யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பஸ் பாலத்தில் ஏறியபோது அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வேணாம் அக்கா. எத்தன நாளைக்கு ஒரு மிஷின் எனக்காவ அவுகள கூப்புடும்? எல்லாருக்கும் செய்யுத மாதிரி எனக்கும் செஞ்சுருங்க."

"அவர்ட்ட சொல்லிருவியா, இனி வராதுன்னு?"

"சொல்ல மாட்டேன்."

"அப்ப அவருக்கு எப்படித் தெரியும்?"

"வரலேன்னா கேக்கட்டும். கேக்கணும்னு தோணுதான்னு பாக்கேன்."

அவள் என்ன பணயம் வைக்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. அவர் கேட்காமல் இருந்துவிட்டால், அந்த எண்களும் இல்லாமல் போகும், கேட்கவில்லை என்பதும் தெரிந்துபோகும். அவர் நினைக்கிறாரா இல்லையா என்று ஒரு சந்தேகம் இருக்கிறவரை மனிதன் வாழ்ந்துவிடலாம். அவள் அந்தச் சந்தேகத்தை விட்டுக்கொடுக்கத் துணிந்திருந்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை, உற்சாகமும் சொல்லவில்லை. பாளை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நடந்து போய் வேலையைப் பார்த்தோம்.

திங்கள்கிழமை காலையில் அவளுடைய சொந்தக் கைப்பேசியை இணைத்தேன். "நீங்கள்தானா?" என்று கேட்டது. ஆம் என்றாள். திரை திறந்தது. பழைய வாசலில் அவள் பெயருக்கு எதிரே இருந்த அந்த எண்ணை அழித்து, சேமி என்னும் பொத்தானை நான்தான் அழுத்தினேன். அன்று ஏரல் அறிக்கைகள் வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் போய்விட்டன. டாக்டர் எங்கள் அறைக்கு வந்து பாராட்டினார். அண்ணாச்சி சாக்லேட் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார். அவளும் ஒன்றை எடுத்துக்கொண்டாள், பிரிக்காமல் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

அன்று போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அவள் கைப்பேசியைத் திரை மேலே தெரியும்படி மேசையில் வைத்துக்கொள்வாள். யாராவது அறைக்குள் வந்தால் கவிழ்த்து வைப்பாள். செவ்வாய் மதியம் நாங்கள் ஏதேதோ பேசினோம். மகளுக்குப் பல்லில் கம்பி கட்ட வேண்டுமாம். மாடியில் ஒழித்துவைத்த அறையை வாடகைக்கு விடலாமா என்று அவள் மாமியார் கேட்டாராம். "விட்டுரலாம்னு சொல்லிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். நான் அன்று வீட்டுக்குப் போனதும் கையேட்டை மறுபடியும் எடுத்து, அழித்த எண்ணைத் திரும்பச் சேர்க்கும் வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. ஆனால் அவள் கேட்டால்தான் செய்ய வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதற்கு அடுத்து நடந்தது என் குறிப்பில் புதன்கிழமை என்றிருக்கிறது. அவள் வியாழன் என்கிறாள். வியாழன் என்பதால் அன்று தான் நோன்பு வைத்திருந்ததாக உறுதியாகச் சொல்கிறாள். நாட்களைப் பொறுத்தவரை என்னை நான் நம்புகிறேன். ஆனால் அவள் அன்று மதியம் சாப்பிடவில்லை என்பது எனக்கும் நினைவிருக்கிறது. ஆகவே இந்த ஒன்றை முடிவு செய்யாமல் விடுகிறேன்.

காலை, கூட்டம் இருந்த நேரம். வரவேற்பில் ஆள் இல்லாததால் அலுவலகத் தொலைபேசியை நானே எடுத்தேன். இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றில் வரவேண்டுமா என்று கேட்கும் போன்தான் அந்த நேரத்தில் வரும். அந்தப் பக்கம் இரைச்சலாக இருந்தது. ஏதோ வண்டியின் ஹாரன்.

"லேப்தானே? நான் ஷார்ஜாலேருந்து பேசுதேன்" என்றது குரல். மனைவியின் பெயரைச் சொல்லி, அவள் வேலைக்கு வருகிறாளா என்று கேட்டது.

வருகிறாள் என்றேன். நான் யார் என்றும் சொன்னேன்.

"அக்காவா? ஒங்களப் பத்தி நெறைய சொல்லுவா. அவளுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கா."

"இல்ல... கோடு வரல. மொத நாளு லீவு போட்டுருப்பான்னு நெனச்சேன். பொறவு ரோமிங்கு போயிருச்சோன்னு சிம்ம கழட்டிக் கழட்டிப் போட்டேன். பேங்க்லேருந்து மெசேஜ் வருது, அவளுக்கு மட்டும் வரல." மறுபடியும் ஹாரன் கேட்டது. "என் நம்பர எடுத்துட்டாளா அக்கா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்தில், அந்த மனிதருக்கும் இந்த ஒரு மாதம் எப்படிப் போயிருக்கும் என்பது எனக்குத் தெரிந்தது. ஊரில் அவர் பெயர் எழுதியிருந்த இடங்களில் ஒன்று அழிந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சிங்கிள் சைன்-ஆன் என்றால் என்னவென்று நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அன்றைக்கு விளக்கியது போல அத்தனை அக்கறையாக ஒருநாளும் விளக்கியதில்லை. எடுத்தது அவள் அல்ல, நான் என்றேன். அவளுக்கு மட்டும் அல்ல, டாக்டருக்கும் எடுத்தாயிற்று, இனி இங்கே யாருக்கும் எந்தக் குறியீடும் கிடையாது, எல்லாரும் ஒரே வாசல் வழியாகப் போகிறார்கள் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப இனி வராது."

"வராது."

"அவ சொல்லலியே."

"நீங்க கேட்டியளா?" என்றேன்.

அங்கே பஸ் வந்துவிட்டது போலும், யாரோ அவரை ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் யாரிடமோ, நீங்கள் போங்கள், நான் அடுத்ததில் வருகிறேன் என்று இந்தியில் சொன்னார்.

"அவ பேசுவாளா அக்கா?"

"அத என்கிட்ட கேக்காதிய. கூப்புடுதேன், நீங்களே கேளுங்க."

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஷார்ஜா என்று மட்டும் சொன்னேன். கையுறைகளைக் கழற்றினாள். ஒன்று எளிதில் வந்துவிட்டது, மற்றொன்று விரலில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. இழுத்து எறிந்துவிட்டு வந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். அவர்தான் ஏதோ பேசினார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"ஒரு மாசமா நான் எப்படி இருக்கேன்னு கேக்கல. ரெண்டு நாளு நம்பர் வரலேன்ன ஒடனே லேப்புக்கு போன் போடுதிய. நம்பரையா கல்யாணம் கெட்டியிருக்கிய?"

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். வரவேற்பில் போய் உட்கார்ந்து, வந்தவர்களுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது என் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள், முதுகு மட்டும் தெரிந்தது. இன்னொரு முறை பார்த்தபோது ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மறு கையை நீட்டி நீட்டி யாரையோ எதிரில் வைத்துத் திட்டுவது போலப் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி ஐஸ் பெட்டியோடு வந்து அவளைத் தேடினார். நான் கண்ணைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தரையில் வைத்து, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் நாற்று நடவு ஆரம்பித்துவிட்டதைப் பற்றி என்னிடம் விரிவாகச் சொல்லத் தொடங்கினார்.

அன்று காலை அறிக்கைகள் மிகவும் தாமதமாயின. ஏரலிலிருந்து போன் வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இனி தாமதமே ஆகாது என்று சொன்னீர்களே என்று கேட்டார். புதிய ஏற்பாடு, ஒன்றிரண்டு நாள் இப்படித்தான் இருக்கும் என்றேன். பொய் என்று சொல்ல முடியாது.

நான் திரும்பி வந்தபோது அவள் புதிய கையுறை மாட்டிக்கொண்டு தன் இடத்தில் இருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. ஏரல் அறிக்கைகளை வரிசையாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவளே சொன்னாள்.

"அவுக லீவு கேக்காகளாம். கெடச்சா தீவாளி நெருக்கத்துல வாராக. ஒரு மாசம்."

"அந்த ரெண்டு வருசக் கையெழுத்து?"

"அது அப்படியேதான் இருக்கு. நேர்ல வரட்டும், அங்கன வச்சு சண்ட போடுதேன். போன்ல போட்டா ரெண்டு பேரும் பாதியில வச்சுட்டுப் போயிருதோமே" என்றாள். அடுத்த அறிக்கையைத் திறந்து, அதிலிருந்த அளவைப் பார்த்து முகம் சுளித்து, அந்த இரத்த மாதிரியை இயந்திரத்தில் இன்னொரு முறை ஓட்டச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.